தகரத்தில் தேக்கு வரைந்த அமீர் ஹம்சா

துக்கத்தைச் சுமந்து மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பட்டறைகளை அடைத்துவிட்டுக் கை கிரீஸைக்கூடக் கழுவாமல் வந்திருக்கும் காரைக்குடி மோட்டார்த் தொழிலாளத் தோழர்களே! பள்ளத்தூரிலிருந்து வந்திருக்கும் உமையாள் ஆச்சி அவர்களே! அனைவருக்கும் வணக்கம். நான் டிங்கர் சின்னச்சாமி, நம் சங்கத்தின் செயலாளர். இந்தப் பொறுப்பில் நின்று பேசுவது இன்று எனக்கு எளிதாக இல்லை.

பெயிண்டர் அமீர் ஹம்சா மறைந்துவிட்டார். நாற்பத்தொரு வயது! சாகிற வயதா அது?

ஆச்சி வீட்டுப் பழைய காரை நீங்கள் அறிவீர்கள். டேஷ்போர்டு தகரம்தான், ஆனால் மரம்போல வர்ணம் தீட்டியது. அந்த வர்ணம் உரிந்து, சுவிட்சுக் குமிழ்களில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. போன ஐப்பசியில், கல்லல் சாலையில், கொட்டுகிற மழையில், வைப்பர் என்று நினைத்து விளக்குக் குமிழை அமுக்கிவிட்டார் டிரைவர் பெத்தன். விளக்கு அணைந்தது. கார் புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. உள்ளே ஆச்சியும் பேத்தியும் இருந்தார்கள்.

அந்த டேஷ்போர்டைப் புதுப்பிக்கும் வேலைதான் அமீர் ஹம்சாவிடம் வந்தது. அவர் முதலில் பிரஷை எடுக்கவில்லை. ஆச்சி வீட்டுக்குப் போய்த் தேக்கு நிலைக்கதவின் முன்னால் அரைநாள் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாய், கதவையே பாத்துக்கிட்டு இருக்கீக?” என்று கேட்டார்கள் ஆச்சி.

“ரேகை எங்குட்டு வளையுதுன்னு பாக்குறேன் ஆச்சி. மரம் ஒரு எடத்துல வளஞ்ச மாதிரி இன்னொரு எடத்துல வளையலை.”

மஞ்சள் அடித்துக் காயவிட்டு, மேலே கரும்பழுப்புப் பூசி, அது உலருமுன் சீப்பாலும் துணியாலும் ரேகை இழுத்தார். தகரத்தில் தேக்கு எழுந்து வந்தது! ஆங்கிலம் வாசிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த எழுத்தின் வால் எங்கே மடங்கும் என்று தெரியும். பூதக்கண்ணாடி வைத்து, குமிழ் குமிழாக எழுதினார். ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு குடும்பமே போய்விடும் என்றார். அவரைத் தவிர யார் அப்படி நினைத்தோம்?

எந்த வேலையானாலும் கடைசியில் மேலே வார்னிஷ் ஸ்பிரே அடிக்கவேண்டும். தூசி விழக்கூடாது என்று, ஜன்னலே இல்லாத அறையில் அடிக்கச் சொன்னார் பட்டறை முதலாளி. பதினோரு வருடம் அந்த அறையில்தான் அடித்தார். இருமினார். மாசி மாதம் இரத்தம் வந்தது. அப்போதுதான் என்னிடம் ஒரு மனு கொடுத்தார். “ஒரு ஜன்னல், ஒரு விசிறி. வேறொண்ணும் வேணாம்ணே.”

தோழர்களே, அந்த மனுவை நான் முதலாளியிடம் கொடுக்கவில்லை. போனஸ் பேச்சு முடியட்டும் என்று என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். பங்குனி போனது, சித்திரை போனது. ஆடியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆபிதா அழவில்லை. “அண்ணே, அவுக குடுத்த மனுவுக்கு என்ன பதில் சொன்னாக?” என்று கேட்டார். “குடுக்கலம்மா” என்றேன். ஆபிதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னும் கேளுங்கள். மறுநாளே அந்த அறைக்குள் அதே பட்டறைப் பெயிண்டர் அழகுவை அனுப்பிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன் அவன். நேற்றிலிருந்து இருமுகிறான்.

அமீர் ஹம்சாவைப் புகழ்ந்து பேசிவிட்டுக் கலைந்து போகவா கூடினோம்? இல்லை! நாளை முதல் அந்த அறையில் ஒருவரும் ஸ்பிரே பிடிக்கமாட்டோம். சுவரை உடைத்து ஜன்னல் வைக்கும்வரை, எத்தனை நாளானாலும், பிடிக்கமாட்டோம். மனு இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே இடம் நிறைய இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். அழகு, நீ முதலில் வா.