செல் கம்மி

கம்மியா வந்திருக்கா? அப்பாடா, வயித்துல பால வாத்த கண்ணு. காலையில நீ ரத்தம் எடுத்துட்டுப் போனதுலேர்ந்து இருப்புக் கொள்ளல எனக்கு. ஏன் அப்படி முழிக்கிற? செல் கம்மின்னா நல்லதுதானே? எங்க ஊரு லியோங்காதாவுல பால் எடுக்க வர்ற டேங்கர்காரன் தினம் ஒரு குப்பியில சாம்பிள் எடுப்பான். பால்ல செல் ஏறிடுச்சுன்னா மாட்டுக்கு மடிநோய்னு அர்த்தம், கம்பெனிக்காரன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். கம்மின்னா அன்னைக்கு எங்களுக்குக் கிறிஸ்துமஸ்.

ஓ. இங்க தலைகீழா? ஸ்டெம் செல் ஏற ஏறத்தான் நல்லதா?

சரி. அப்ப நல்லதில்ல.

ஊசியெல்லாம் ஒழுங்காத்தான் போட்டேன். நானேதான். மாட்டுக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சு. எலும்புக்குள்ள இருக்கிற செல்லை ரத்தத்துக்குத் தள்ளிவிடுற மருந்துன்னு டாக்டர் சொன்னாரு. இடுப்பு வலிச்ச வலிக்கு ஒரு வாளியாச்சும் தேறும்னு நெனச்சேன். வயசானா கறவை குறையும், எனக்குத் தெரியாதா என்ன.

மேடமெல்லாம் வேணாம், நோரின்னே கூப்பிடு.

ஆமா, தம்பிக்குத்தான் குடுக்கிறேன். டெஸ். ரத்தப் புத்துநோய் வந்து மேல கண்ணாடி ரூம்ல படுத்திருக்கான். பாசமா? நல்லாக் கேட்ட. பேச்சுவார்த்தை நின்னு வருஷக்கணக்காச்சு. எங்கப்பா பண்ணைய அவன் பேருக்கு எழுதினாரு. எங்க பக்கம் அப்படித்தான், பையனுக்குப் பண்ணை, பொண்ணுக்கு அம்மாவோட பீங்கான் தட்டு. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து கறந்தவ நான். அவனைக் காலையில எழுப்புறதுக்கே தனியா ஒரு ஆள் வேணும். அப்பாவைப் புதைச்சிட்டு வந்து எல்லாரும் சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருக்கையில, பொம்பளையால பண்ணை நடத்த முடியாது, நீ கெளம்புன்னான். கெளம்பிட்டேன். ஒரு தட்டு கூட எடுக்கல. இல்ல, ஒண்ணு எடுத்தேன். செவுத்துல அடிச்சிட்டுத்தான் போனேன்.

இப்ப பக்கத்து ஊர்ல வேறொருத்தர் மாட்டைக் கறக்குறேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, டாக்டர் சொன்னாரு, என் செல்லு போய் அவனுக்குள்ள குந்திக்கிச்சுன்னா, இனிமே அவன் ரத்தத்தை எங்க சோதிச்சாலும் பொம்பளை ரத்தம்னுதான் வருமாம். பாத்தியா, உனக்கே சிரிப்பு வருது. மெல்போர்ன் வர்ற வரைக்கும் கார்ல தனியா சிரிச்சிக்கிட்டே வந்தேன் நான்.

நாளைக்கா? வேற ஊசி ஒண்ணு போட்டுட்டு நாளைக்குத் திரும்பப் பாக்கலாங்கிற. பாப்போம். நாளைக்கும் ஏறலேன்னா?

தரையப் பாக்காத கண்ணு. எனக்குத் தெரியும். அவன் எலும்பு மஜ்ஜையப் போன வாரமே மருந்து குடுத்துக் கொன்னாச்சு. சொந்தமா ரத்தம் ஊற இப்ப அவன்கிட்ட ஒண்ணுமில்ல. பண்ணை இருக்கு. அதை வெச்சு என்ன பண்றது?

பயமாத்தான் இருக்கு. வாயை மூடினா அழுதுருவேன், அதான் மாட்டுக் கதை பேசிக்கிட்டு இருக்கேன்.

அவன் நன்றி சொல்லுவானான்னா கேக்குற? அவனா? அதெல்லாம் வேணாம். எந்திரிச்சு நடந்து வந்து, பண்ணை வாசல்ல நின்னு, மறுபடியும் என்னை வெளிய போன்னு கத்தட்டும். அந்தக் கத்தல் காதுல விழுந்தாப் போதும் எனக்கு.

எங்க அந்த ஊசி? இப்படிக் கொண்டா, நானே போட்டுக்கிறேன்.