எழுதினவர் யார்?

— கதவைச் சாத்துங்க அண்ணி, கொஞ்சம் பேசணும்.

— ஸ்டோர்ஸ் கதவைச் சாத்தினா வால்வு கேட்டு வர்றவன் வெளியில நின்னு கத்துவான். திறந்தே கிடக்கட்டும். ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு?

— பெரிய தப்பு பண்ணிட்டேன். மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறதுன்னே தெரியல.

— உங்கண்ணனும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆரம்பிப்பார். சரி, சொல்லு.

— புதுசா தேடல் பெட்டி வந்திருக்குல்ல? எதைக் கேட்டாலும் கம்பெனி ஃபைல் அத்தனையிலயும் தேடித் தருமே...

— காலைல நான்கூட அதுலதான் ஒரு வாஷர் நம்பர் தேடினேன்.

— அதுல பழைய புகார் பெட்டியையும் சேர்க்கச் சொன்னாங்க. பெரிய அதிகாரிங்க நாலு பேர் மட்டும் பார்க்கறதுக்கு. அது ஆதிகாலத்து சாஃப்ட்வேர், தேடல் பெட்டியால நேரா படிக்க முடியாது. அதனால ஏபிஐன்னு ஒரு புரோகிராம் வழியா ஒவ்வொரு புகாரையும் நாமதான் அனுப்பணும். தலைப்பு, விஷயம், எழுதினவர், யார் பார்க்கலாம்னு கட்டம் கட்டமா நிரப்பி.

— சரி, நிரப்பினே. அப்புறம்?

— ‘யார் பார்க்கலாம்’ங்கற கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். காலியா இருந்தா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அது எல்லாருக்கும் காட்டலாம்னு எடுத்துக்கிச்சு.

— அடப்பாவி.

— இன்னும் இருக்கு அண்ணி. பேரு போடாம எழுதற புகார்ல பேரு திரையில வராது, ஆனா யாரோட லாகின்னு உள்ளுக்குள்ள பதிஞ்சிருக்கும். அதை ‘எழுதினவர்’ கட்டத்துல போட்டுத் தொலைச்சேன்.

— அப்ப மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் ஒரே ராத்திரியில முடி முளைச்சிருச்சா!

— சிரிக்காதீங்க. பெயிண்ட் செக்‌ஷன்ல ரெண்டு பேரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பத்து வருஷமா ஒரே டேபிள்ல சாப்பிட்டவங்க. என்னாலதான். உடம்பெல்லாம் கூசுது.

— தெரிஞ்சதும் என்ன பண்ணினே?

— பதினோரு மணிக்குத்தான் தெரிஞ்சுது. முதல் வேலையா மொத்தத்தையும் அழிச்சேன். தேடல் பெட்டில புகாரைப் போட, எடுக்க பாஸ்வேர்ட் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. என்னைத் தவிர யாராலயும் அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது.

— அப்ப முடிஞ்சுதே. என்கிட்ட எதுக்கு வந்தே?

— மூணு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. வேலை போயிடும்னு பேசிக்கறாங்க. நீங்க சொல்லித்தானே என்னை இங்க சேர்த்தாரு. இப்பவும் நீங்க ஒரு வார்த்தை...

— இன்சார்ஜா இருந்தப்ப என் வார்த்தைக்கு எடை இருந்துச்சு. இப்ப நான் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டறவ.

— அப்படிச் சொல்லாதீங்க அண்ணி.

— வேற எப்படிச் சொல்ல? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மொட்டைக் கடுதாசி. ‘ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் தினமும் நாலு மணிக்கே கிளம்பிடறாங்க.’ அதோட என் நாற்காலி போச்சு. நாலு மணிக்கு நான் எங்க போனேன்? வாயைத் திறந்து சொல்லு.

— அம்மாவை... பிசியோதெரபிக்கு.

— உங்கம்மாவை. வலது கை வராமக் கிடந்தவங்களை. இன்னிக்கு அத்தை தானே சீப்பெடுத்துத் தலை வாரிக்கறாங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

— நினைச்சா வெக்கமா இருக்கு அண்ணி.

— உனக்கென்ன வெக்கம்? எழுதினவனுக்கில்ல இருக்கணும்.

— நீங்களும் அப்ப எல்லார் முன்னாடியும் திட்டிடுவீங்கல்ல. யாருக்கோ ரோஷம் வந்து எழுதியிருப்பாங்க. மறுநாளே ஏன்டா எழுதினோம்னு தவிச்சிருப்பாங்க.

— கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்றே?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். காலைல வாஷர் தேடினப்ப... அந்தப் புகாரும் வந்துச்சா?

— வந்துச்சு. விடுவேனா? நாப்பது புகாரையும் ஒண்ணு விடாமப் படிச்சேன். பதினொன்னேகால் இருக்கும்.

— பதினொன்னேகாலா?

— ஆமா. ஏன், உனக்கு வேர்க்குது?

— ஒண்ணுமில்ல. பேரு... பேரு பார்த்தீங்களா?

— பார்த்தேன். உன் பேரு எங்கயும் இல்ல.

— அப்பாடா. இல்ல... நான் எதுக்கு அண்ணி எழுதப்போறேன்? மேனேஜர்கிட்ட பேசுவீங்கல்ல?

— பேசறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போ. முப்பத்தொம்பது புகாருக்குக் கீழ பேரு இருந்துச்சு, என்மேல வந்ததுக்குக் கீழ மட்டும் காலியா இருந்துச்சு. மொத்தத்தையும் அழிக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு பேரை மட்டும் ஏன் தம்பி அழிச்சே?