குரூப்பில் இருந்து எடுத்த அண்ணை

“சிவா அண்ணையைக் குடுத்திட்டு, ஏவன்டேல் டீமில இருந்து ரெண்டு பெடியளை எடுப்பம்.”

ரானுயி ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டில் கேட்ட பேச்சு இது. மாட்டைக் கொடுத்து மாற்றுகிற மாதிரி மனிதரையா என்று நிமிர்ந்து பார்த்தேன். தமிழ்க் கிரிக்கெட் டீம் நடத்துகிற இரண்டு பேர், வருகிற கோடைக்கு ஆள் சேர்க்கிறார்கள். சொன்னவர் யாழ்ப்பாணம். மற்றவர் பேச்சில் மதுரை.

“ஏங்க, பதினாலு வருஷமா பந்து போடுறாரு.”

“இப்ப முழங்கால் மடங்காது. பந்து காலுக்குள்ளால போகுது.”

“சம்சாரம் போனப்புறம் அவருக்கு சனிக்கிழமை மேட்ச் ஒண்ணுதான். வேற யாரு இருக்கா?”

“அதுக்காக நாங்கள் தோக்கிறதோ? எல்லாருக்கும் செய்யிற மாதிரி, போன் குரூப்பில இருந்து பேரை எடுத்து விடுவம். ஆளுக்கு விளங்கும்.”

“நேர்ல ஒரு வார்த்தை சொல்லலாமே?”

“அப்ப நீரே போய்ச் சொல்லும்.”

மதுரைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாழ்ப்பாணத்தார் போனைத் தட்டினார். “முடிஞ்சுது.”

அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மதுரைக்காரரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, சிவா கதைக்கிறன். என்ர போன் பழுது போல. டீம் குரூப்பில எழுத விடுகுதில்லை. புதுப் பந்து ரெண்டு வாங்கினனான், அதைச் சொல்லத்தான் பாத்தன். ஒருக்காத் திரும்பச் சேர்த்து விடுமன்.”

யாழ்ப்பாணத்தார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மதுரைக்காரர் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தார்.

“ஆமாண்ணே,” என்றார். “உங்க போன்லதான் ஏதோ கோளாறு.”