நீதிபதி வெடர் வீட்டு அடுப்பை மூட்டியது பற்றி லோர்னா டெஃப்ட் சொன்னது

பெயர் லோர்னா டெஃப்ட், வயது 41, பள்ளிக்கூடச் சமையற்காரி, கணவர் ராய்ஸ் டெஃப்டைப் பிரிந்து நியூயார்க் மாநிலம் ஹெபர்டன் ஊர் மில் சாலையில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். மாவட்ட விசாரணை அதிகாரி முன்பு யாருடைய மிரட்டலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். மிரட்டல் இந்த அறைக்குள் இல்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ராய்ஸ் என் கழுத்தைப் பிடித்துச் சமையலறைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். காலண்டர் மாட்டியிருந்த ஆணி என் மண்டையில் குத்தியது. அதன் பிறகு நான் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்குப் போனேன். அது தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் கூடும். நீதிபதி ஆரின் வெடர் மற்ற நாட்களில் டிராக்டர் பழுது பார்ப்பவர், வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் வேறு நீதிபதி கிடையாது, தேர்தலில் வேறு யாரும் நிற்கவும் இல்லை. ராய்ஸ் என்னை நெருங்கக் கூடாது, துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்று அவர் தற்காலிக உத்தரவு போட்டார். அதை நீட்டிப்பதா என்று மார்ச்சில் முடிவு செய்வதாகச் சொன்னார். வழக்கைப் பற்றி வெளியில் தன்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் அன்றே கண்டிப்பாகச் சொன்னார்.

அதன் பிறகு ஜனவரிக் குளிரில் நீதிபதி வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. அவர் எங்கள் ஊர் எல்லையான ஓடைக்கு அப்பால் வெல்பி ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நிலம் இளகின பிறகுதான் குழாய்க்காரன் வருவானாம். அதுவரைக்கும் மக சமையலைத் தின்னுதான் உயிர் வாழணும். வேண்டிக்கோ தாயி" என்று சிரித்தார்.

அதன் பிறகு ஒரு நாள் பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் நெட்டி, "ஜட்ஜ் ஊருக்குள்ளயே குடியிருக்கணுமாமேடி? ஓடையைத் தாண்டினா பதவி போயிடுமாமே? உன் புருஷன் பார்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தர் விடாம இதைத்தான் கேக்குறான்" என்றாள். அவர் பதவி போனால் மார்ச்சில் என் உத்தரவை நீட்டிக்க ஆள் இருக்காது. நீதிபதியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் பேசாதே என்று சொல்லியிருக்கிறாரே என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன் வயல் வழியாக நடந்து போய் அவர் வீட்டு விறகடுப்பை மூட்டினேன். எங்கள் பக்கம் பின்கதவை யாரும் பூட்டுவதில்லை. புகைபோக்கியில் புகை வந்தால் ஆள் இருக்கிறார் என்று சாலையில் போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நீதிபதிக்குத் தெரியவே தெரியாது. இந்த வரிக்குக் கீழே கோடு போடச் சொன்னேன். அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை என்றார் அதிகாரி.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆள் வாழ்கிற வீட்டில் அடுப்பு நாள் முழுக்க எரியும், கூரைப் பனி உருகும், ஓரத்தில் பனிக்கட்டி நீள நீளமாகத் தொங்கும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். நான் காலையில் கொஞ்ச நேரம் மூட்டிவிட்டு ஓடினேன். புகை போனது, கூரையில் பனி மெத்தை போல அப்படியே கிடந்தது. ராய்ஸ் ஓடைக்கு அந்தக் கரையில் நின்று படம் எடுத்திருக்கிறார். மேலே புகை, கூரையில் முழங்கால் அளவு பனி, வயலில் என் பின்கதவிலிருந்து நீதிபதி வீட்டுப் பின்கதவு வரைக்கும் என் பூட்ஸ் தடம். ஊருக்குள் குடியிருப்பதாகக் காட்ட நீதிபதியும் நானும் கூட்டுச் சேர்ந்து நாடகம் போட்டோம் என்று ராய்ஸின் வக்கீல் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு நீதிபதி வண்டியில் வந்து என் வீட்டு முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்ன பொண்ணே இப்படிப் பண்ணிட்டே? என் கட்டில், துணிமணி எல்லாம் இங்கதான கிடக்கு. குழாய் வெடிச்சுது, சரியானதும் திரும்பி வந்துடுவேன்னு நேரா சொல்லியிருப்பேன். சட்டத்துக்கு அது போதும். இப்ப நான் சொன்னா எவன் நம்புவான்?"

"நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன் ஐயா."

"சொல்லு. நான் சொல்லிக் கொடுத்துதான் நீ சொல்றதாச் சொல்வாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் பதவியை விட்டு விலகிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் நேர்மையாக இருந்த மனிதரைத் திருடன் மாதிரி ஆக்கிவிட்டேன்.

அதன் பிறகு மார்ச் விசாரணை நாளன்று தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். பின்னறை பூட்டிக் கிடந்தது. நீதிமன்ற எழுத்தர் பெண்ணைப் போனில் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "வேற ஊர் ஜட்ஜைப் போடுவாங்கம்மா, எப்பன்னு தெரியல. உங்க உத்தரவு இன்னியோட முடியுதே, நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அதன் பிறகு ராய்ஸ் தன் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக நெட்டி சொன்னாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இன்றைக்கு ராய்ஸ் வந்து கதவைத் தட்டினால் நான் எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்று கேட்டேன். நீதிபதி எங்கே குடியிருந்தார் என்பது பற்றி மட்டும்தான் விசாரணை, இந்தக் கேள்வி அதற்குள் வராது என்றார். அப்படியானால் நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். என் வாயிலிருந்து வந்ததுதான், ஒரு வரியும் பொய் இல்லை.

(ஒப்பம்) லோர்னா டெஃப்ட்