கவிப்பிரியாவின் வாளி

விழாத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பொன்னுரங்கம் அவர்களே, கேடயம் கொண்டுவந்திருக்கும் நிறுவனத்து நண்பர்களே, என்னோடு பாரம் சுமக்கும் ஆசிரியப் பெருமக்களே, வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து உறங்காத விழிகளோடு வந்திருக்கும் தந்தையரே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, மாணவக் கண்மணிகளே! தலைமையாசிரியன் ஜீவானந்தத்தின் வணக்கம். தலைதாழ்ந்த வணக்கம் என்பது மேடை மரபு. இன்று என் தலை உண்மையாகவே தாழ்ந்திருக்கிறது.

"சிறந்த பள்ளி" என்று இந்தக் கேடயம் மின்னுகிறது. இதற்காகச் சென்ற வியாழக்கிழமை நிறுவனத்திலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். ஆறாம் வகுப்பின் முன்வரிசை முழங்கியது, முத்து முத்தாய் வாசித்தது. அப்போது அதே வகுப்புக் கவிப்பிரியா எங்கே இருந்தாள்? குழாயடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மேடையில் பெயரைச் சொல்லலாமா என்று அவள் தாய் கங்கம்மாளைக் கேட்டேன். "சொல்லுங்க சார். எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?" என்றார்.

விருந்தினர் கார் கிளம்பியதும் வகுப்பாசிரியை ஏலவார்குழலியிடம் சீறினேன்.

"அவள ஏம்மா வெளிய அனுப்பினீங்க?"

"நான் அனுப்பல சார். விசிட்டர் வந்தா நல்லா படிக்கிற பசங்க முன்னாடி இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"படிக்க வெக்கிறது உங்க வேலைதானே?"

"டெய்லி ஆபீஸ் வேலைக்குக் கூப்பிட்டா, எப்ப சார் படிக்க வெக்கிறது?"

நாங்கள் மாறி மாறி விரல் நீட்டிக்கொண்டிருக்க, வாளியோடு நின்ற குழந்தை சொன்னது: "மிஸ்ஸ திட்டாதீங்க சார். யாரும் அனுப்பல. காரு வந்தா நானே வாளிய எடுத்துக்கினு போயிடுவேன். நான் உள்ள இருந்தா ஸ்கூலு பேரு கெட்டுடும்ல?"

கூசிப்போனேன் ஐயா! குறுகிப்போனேன்!

தந்தையரே, உங்கள் கம்பெனிக்கு ஆடிட் வரும் நாளில், பழுதென்று கழித்த ரிஜெக்ட் பீஸை எங்கே வைப்பார்கள்? அங்கே ஒருவர் "மூலையில!" என்கிறார். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நாங்கள் மறைத்தது இரும்பை அல்ல, உங்கள் மகளை!

யார் குற்றம்? என் குற்றமா, ஆசிரியர் குற்றமா? நான் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பள்ளி உயருமா? அவர் மட்டும் தொண்டை வறளக் கத்தினால் உயருமா? கற்பிக்க நேரம் தரவேண்டியவன் நான். அந்த நேரத்தைக் கடைசி பெஞ்சுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். நேற்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். அலுவலக வேலை இனி என்னுடையது. காலை முதல் பாடவேளை முழுக்க அவருடைய வாசிப்பு வகுப்பு. கவிப்பிரியா தடுமாறினால் இருவருமே பதில் சொல்வோம்.

நிறுவனத்து நண்பர்களே, பொறுத்தருளுங்கள். கேடயத்தைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை சொல்லாமல் வாருங்கள். நீங்களே கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்றும் கார் வந்திருக்கிறதல்லவா? திரும்பிப் பாருங்கள் தாய்மார்களே. பந்தலுக்குப் பின்னால், குழாயடியில், அதோ நிற்கிறாள்.

"கவிப்பிரியா! வாளிய அங்கயே வெச்சிடும்மா. குழலி டீச்சர், எழுந்து வாங்க. ரெண்டு பேருமா போய்க் கூட்டிக்கிட்டு வரலாம்."

இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. என் நிறைவு வணக்கம் அந்தக் குழாயடிக்கு. மைக்கை வைத்துவிட்டு இறங்குகிறேன்.