கிரைண்டரை நான் கழற்றவில்லை

என் பெயர் அய்யாவு த/பெ தம்புசாமி. வயது 63. கிள்ளான், மேரு சாலைப் பக்கம் மனைவி லெட்சுமியுடன் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். முப்பத்தொரு வருடம் லோரி ஓட்டினேன். துறைமுகத்திலிருந்து ஜொகூர் வரை என்னை முந்திய லோரி கிடையாது. 16.10.2024 அன்று இந்தக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகாரில் ஒரு பகுதியைத் திருத்த என் சொந்த விருப்பத்தில் வந்துள்ளேன்.

12.10.2024 சனிக்கிழமை, லிட்டில் இந்தியாவில் விமலன் என்பவரின் கடையில் மாவு அரைக்கும் கிரைண்டர் வாங்கினோம். லெட்சுமி தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள். பாதிக் கிள்ளான் அவள் மாவில்தான் பசியாறுகிறது. 15ஆம் தேதி காலை ஆறு மணிக்கு அவள் அரிசியைத் தள்ளிவிட விளிம்பைத் தொட்டபோது மின்சாரம் தாக்கிக் கை ஒட்டிக்கொண்டது. நான் ஒரே பாய்ச்சலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். வலது உள்ளங்கை வெந்துவிட்டது. இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

அதன் பிறகு மறுநாள், அவள் மருத்துவமனையில் இருக்கும்போது, நான் கடைக்குப் போனேன். ஈரக் கையோடு தொட்டிருப்பார் என்று விமலன் சொன்னார். அப்போது கடையில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். இதை எழுதும் சார்ஜன் பேனாவை நிறுத்தியதால் இருபது பேர் என்று குறித்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் என்னையே பார்த்ததால் எனக்குச் சூடு ஏறிவிட்டது.

"யாருகிட்ட பேசுற தம்பி? நான் முப்பது வருசம் கரண்டு வேல பாத்தவன் லா. ராத்திரியே மெஷின கழட்டிப் பாத்துட்டேன், எர்த் வயரே இல்ல" என்றேன்.

"பெரிய ஆளு அங்கிள் நீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க" என்று விமலன் படம்பிடிக்கக் கைப்பேசியை நீட்டினார். நான் தலையை வாரிக்கொண்டு, இன்னும் நாலு வயர் சேர்த்துச் சொன்னேன். அதன் பிறகு நேராக இங்கே வந்து அதையே புகாராகவும் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு 21ஆம் தேதி, ஐந்து வெள்ளி கட்டணம் கட்டினால் வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம் என்று அறிந்து பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். வாதாட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முகப்பில் இருந்த பெண், கிரைண்டரின் விலையை இங்கே கேட்கலாம், உடல் காயத்துக்கு இங்கே கேட்க முடியாது, வழக்கறிஞரைப் பாருங்கள் என்றார்.

அதன் பிறகு 23ஆம் தேதி பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கறிஞர் மலர்விழியிடம் லெட்சுமியை அழைத்துப் போனேன். கிரைண்டர் எங்கே, அதை உண்மையிலேயே கழற்றினீர்களா என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே லெட்சுமி பதில் சொன்னாள்.

"இவரா? டோர்ச் லைட்டுக்கு பேட்டரி போடவே என்னத்தான் கூப்பிடுவாரு."

வழக்கறிஞர் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சும் புகாரும் அப்படியே நின்றால், கோளாறு உங்கள் கையால் வந்தது என்று கடைக்காரர் வாதாடுவார், அம்மாவின் கைக்கு இழப்பீடு கிடைக்காமலே போகலாம் என்றார். காயம் பட்டதுமே, கடைக்குப் போகும் முன்பு, தம்மிடம் வந்திருக்க வேண்டும் என்றும், இனிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்றும் சொன்னார். திரும்பும்போது லெட்சுமியால் ரயில் அட்டையைப் பையிலிருந்து எடுக்க முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு இன்று, 24.10.2024, கிரைண்டரைச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தேன். சார்ஜன் என் முன்னிலையில் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் நான்கு திருகுகள். நான்கின் மேலும் தொழிற்சாலைப் பூச்சு கீறாமல் இருந்தது. ஒன்றின் மேல் ஒட்டிய உத்தரவாத முத்திரையும் கிழியவில்லை. படம் எடுக்கப்பட்டது. நான் கைதட்டியதையும் எழுதலாம்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. நான் ஒரு நாளும் மின்சார வேலை பார்த்ததில்லை. எனக்கு ஒரு திருகைக்கூடக் கழற்றத் தெரியாது. இதை என் மனைவியின் முன்னிலையில் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) த. அய்யாவு

பதிவு செய்தவர்: சார்ஜன் திருச்செல்வம்