தண்ணிக் குண்டான்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"நாய்க்குத் தண்ணி வெக்காம ஒளிச்சி வெச்சேன்க்கா," என்றாள் இளையவள். என் காது அங்கே போய்விட்டது.

"இன்னாத்துக்குடி?"

"அது ஒடம்பே அது ரத்தத்தைத் தின்னுதுன்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. அதைப் போட்டதுலேர்ந்து ஓயாம தண்ணி குடிச்சிக்கினு, வூடெல்லாம் ஒண்ணுக்குப் போச்சு. கொழுப்புன்னு நெனச்சி குண்டானைத் தூக்கி உள்ள வெச்சிட்டேன்."

"அடிப்பாவி!"

"மாத்திரைதான் அப்டி தாகத்தைக் குடுக்குமாம். அப்புறமாத்தான் தெரிஞ்சிது."

"அதான் இப்ப தேறிக்கினு கீதே, வுடு."

"தேறிக்கினுதான் கீது. ஆனா குண்டான் நெறைய தண்ணி வெச்சாலும், மொதல்ல என் மூஞ்சியப் பாக்குதுக்கா. அப்புறந்தான் வாய வெக்குது."